'பேசிவ் மோட்': 'செயலற்ற முறை' வேண்டாம், 'தன்னழைப்பு முறை' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எஃப்.டி.பி. (கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் நெறிமுறை) நிரலின் மொழிபெயர்ப்பில் 'ஆக்டிவ் மோட்' என்பதற்குச் 'செயல்படு முறை' என்றும் 'பேசிவ் மோட்' என்பதற்குச் 'செயலற்ற முறை' என்றும் இட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அகராதிப்படி இவற்றில் பிழையில்லை. ஆனால் வீட்டுத் திசைவிக்கு (ரூட்டர்) பின்னாலிருந்து கோப்பு அனுப்ப முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு, பெரும்பாலும் கைகொடுக்கக்கூடிய அந்தத் தெரிவின் மேலேயே 'செயலற்ற' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். வேலை நடக்க வேண்டும் என்று வருபவர் அதை எப்படித் தேர்ந்தெடுப்பார்?

சென்ற வாரம் என் தங்கை வீட்டில் இதை நேரில் கண்டேன். அவள் தந்த பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வழங்கி (கோப்புகளை வைத்திருக்கும் சர்வர்) ஏற்றுக்கொண்டது. கோப்புப் பட்டியல் மட்டும் வரவில்லை. சற்று நேரத்தில் 425 என்ற பிழை வந்தது. நிரலின் பதிவுகளைப் பார்த்தபோது 'போர்ட் 192,168,1,5,195,80' என்றொரு கட்டளை இருந்தது. முதல் நான்கு எண்களும் சேர்ந்தது அவள் கணினியின் ஐ.பி. முகவரி, 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் கிடைக்கும் 50000 என்பது போர்ட் எண், அதாவது அந்தக் கணினியில் இணைப்பை ஏற்கும் வாயிலின் எண். "இந்த முகவரிக்கு, இந்த எண்ணில் நீயே என்னை அழைத்துப் பட்டியலைக் கொடு" என்று அவள் கணினியிலுள்ள வாங்கி நிரல் (கிளையன்ட்) வழங்கியிடம் சொல்கிறது. இதுதான் 'ஆக்டிவ்' முறை. 192.168 என்று தொடங்கும் முகவரிகளோ வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டுமே புழங்குபவை. வெளியிலுள்ள வழங்கி அந்த முகவரியை எட்டவே முடியாது. சில திசைவிகள் இந்தக் கட்டளையை வழியிலேயே படித்து முகவரியை மாற்றி அனுப்பும். இணைப்பு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருந்தால் அதற்கும் வழியில்லை.

மற்றதான 'பேசிவ்' முறையில் வழங்கி 227 என்ற பதிலோடு தன் முகவரியையும் ஒரு போர்ட் எண்ணையும் தந்துவிட்டுக் காத்திருக்கிறது. வாங்கியே மறுபடி அழைக்கிறது. உள்ளிருந்து புறப்படும் அழைப்பு என்பதால் திசைவி தடுப்பதில்லை. தெரிவை மாற்றியதும் பட்டியல் வந்துவிட்டது.

ஆகவே இரு முறைகளிலும் இரு பக்கமும் செயல்படத்தான் செய்கின்றன. தரவு இணைப்புக்காக (பட்டியலும் கோப்பும் செல்லும் தனி இணைப்பு) யார் யாரை அழைக்கிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. எஃப்.டி.பி.யை வரையறுத்து 1985-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 959 என்ற ஆவணம், 'பேசிவ்' முறைக்கான கட்டளை வந்தால் வழங்கி ஒரு போர்ட்டில் செவிமடுத்து நிற்க வேண்டும் என்கிறது. 'பேசிவ்' என்பது வழங்கியின் நிலை. ஆங்கிலச் சொல் அதன் எழுவாயைச் சொல்லாமல் விட்டது. நாமும் அந்தக் குறையோடு சேர்த்தே மொழிபெயர்த்திருக்கிறோம்.

'காத்திருப்பு முறை' என்ற பரிந்துரை உண்மைக்கு நெருக்கமானதுதான். ஆனால் ரயில் பயணச்சீட்டு எடுத்த எவருக்கும் 'காத்திருப்பு' என்றால் இடம் இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். கோப்பு வரிசையில் நிற்கிறது என்றே அவர்கள் புரிந்துகொள்வார்கள். 'செயப்பாட்டு முறை' இலக்கண மாணவருக்கு விளங்கும், யார் அழைப்பது என்பதை அதுவும் சொல்லாது.

என் பரிந்துரை, 'பேசிவ்' முறைக்குத் 'தன்னழைப்பு முறை', 'ஆக்டிவ்' முறைக்கு 'எதிரழைப்பு முறை'. தன்வினை என்ற சொல்லை அறிந்தவருக்குத் 'தன்' என்ற முன்னொட்டு புதிதல்ல. எதிரிலிருந்து வரும் அழைப்பு எதிரழைப்பு. 'மறுவழைப்பு' என்றும் யோசித்தேன். மீண்டும் அழைத்தல் என்ற பொருள் முந்திக்கொண்டு வருவதால் விட்டுவிட்டேன்.

இதில் ஒரு குறை உண்டு என்பதை மறைக்கவில்லை. வழங்கியையே வீட்டில் வைத்திருப்பவர் தம் திசைவியில் ஒரு போர்ட் வரம்பைத் திறந்துவிட வேண்டியிருக்கும்; அவருடைய அமைப்புப் பக்கத்தில் 'தன்' என்பது வழங்கியைக் குறிப்பதாகத் தோன்றலாம். அங்கு மட்டும் 'வாங்கியின் தன்னழைப்புக்கான போர்ட் வரம்பு' என்று முழுதாக எழுதிவிடலாம். நீளமானாலும் மயக்கம் இராது.

வாங்கி நிரலில் தெரிவின் கீழ் வரும் உதவி வரியையும் இப்படி மாற்றப் பரிந்துரைக்கிறேன்: "தன்னழைப்பு முறை: தரவு இணைப்பை உங்கள் கணினியே தொடங்கும். வீட்டுத் திசைவி வழியாக இணைந்திருந்தால் இதைத் தேர்ந்தெடுக்கவும்." மாற்றுக்கருத்து உள்ளவர்கள், தங்கள் சொல்லை இதே வரியில் பொருத்தி எழுதிக்காட்டினால் ஒப்பிட எளிதாக இருக்கும்.