பாதி மறந்த பிறகுதான் கை ஓடும்

படம் மனதில் எப்படி உருவாகிறது என்று இந்தப் பக்கத்தில் கேட்டதற்கு, கண்ணை மூடினால் வந்துவிடும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படி வந்ததே இல்லை. ஒன்றைப் பார்க்க வேண்டும், வீட்டுக்கு வர வேண்டும், பார்த்ததில் பாதி மறந்து போக வேண்டும். அப்புறம்தான் கீற முடியும்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். அம்மாவோடு அடிக்கடி கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போவேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த கோயில் அது. மற்றக் கோயில்களில் பச்சை, நீலம், ரோஸ் என்று பூசித் தள்ளியிருப்பார்கள். இங்கே எல்லாம் கறுத்த கல். அர்ச்சனை முடியும்வரை அந்தத் தூண்களுக்கு மனதுக்குள் நிறம் பூசிக்கொண்டிருப்பேன். என் முதல் ஓவியங்கள் அவைதான். கடதாசிக்கு ஒன்றும் வரவில்லை.

வளர்ந்த பிறகு பொரளை கோதமி விகாரைக்குப் போனேன். ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939-40இல் புத்தர் வரலாற்றைத் தீட்டிய சுவர்கள் அங்கே இருக்கின்றன. அவர் கண்டிப் பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்தவர்), ஓவியத்தை முறையாகப் படிக்காதவர். ஆனால் அந்தக் கோடு தயங்குவதே இல்லை! பார்த்து வந்ததை வைத்து வீட்டில் ஒரு பெண்முகம் கீறினேன். ஜோர்ஜ் கீற்றின் சாயல் துளியும் இல்லை, கண்கள் மட்டும் என் பெரியம்மாவுடையவை. கொப்பி அடிக்கத் தெரியாதவன் என்று நண்பன் சிரித்தான். எனக்கோ சந்தோஷம்.

கிரீன் பாத் நடைபாதையில் நடக்கும் கலா பொல ஓவியச் சந்தையில் (1993இலிருந்து நடக்கிறது) ஒருமுறை என் செட்டியார் தெருப் படத்தை வைத்திருந்தேன். வயதான ஐயா ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“தம்பி, இந்த மூலையில மரம் இல்லையே.”

“இல்லை ஐயா. எனக்கு இருந்த மாதிரி ஞாபகம்.”

“அப்ப ஏன் செட்டியார் தெரு எண்டு பேர் போட்டிருக்கிறீர்?”

பேரை மாற்றச் சொல்லிக் கொஞ்ச நேரம் வாதாடினார். நான் மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு போனவர், சற்று நேரத்தில் மனைவியைக் கூட்டிவந்து அந்த இல்லாத மரத்தைக் காட்டினார். வாங்கவில்லை என்பது வேறு விஷயம். அன்று நன்றாக விலைபோனவை என்னவோ பக்கத்துக் கடையின் யானைப் படங்கள்தான்.

*

மேலே எழுதியவர் சொன்ன கோதமி விகாரைக்காகப் பொரளைவரை போகிறவர்கள் பார்ன்ஸ் பிளேஸ் சபுமல் பவுண்டேஷனையும் பாருங்கள். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. 1943இல் தொடங்கிய ‘43 குழு’ என்ற நவீன ஓவியர் குழுவின் படங்கள் அங்கே இருக்கின்றன. வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தோடு தனியாக இருக்கலாம், காட்சிக்கூடத்தில் அது கிடைக்காது.

*

முதலில் எழுதிய தம்பிக்கு நான் நேரெதிர். பார்த்துக்கொண்டே இருக்காமல் எனக்கு ஒரு கோடும் வராது. பென்ஷன் எடுத்த பிறகு வெள்ளவத்தைக் கடற்கரைதான் என் ஸ்டூடியோ. ஆனால் அங்கே கடலுக்கும் நமக்கும் நடுவில் தண்டவாளம். ரயில் வந்தால் கடல் மறைந்துவிடும், தூரிகையில் நனைத்த வர்ணமோ காயத் தொடங்கும். என்ன செய்வது, அந்த நேரம் மனதில் இருக்கிற கடலைப் பூசுவேன். ரயில் போனதும் நிஜக் கடலைப் பார்த்தால் சில நாள் எரிச்சலாக இருக்கும், பூசினது அதைவிட வடிவாக வந்திருக்கும். அப்படியான நாட்களில் கதிரையை மடக்கிக்கொண்டு வந்து மீதியை வீட்டில் முடிப்பேன். பேரப்பிள்ளைகள் மேசையைத் தந்தால்.