காப்பகத்து நாய்: குட்டியா, வளர்ந்ததா? வீட்டில் 6 வயது பையனும் மாமியாரும் இருக்கிறார்கள்

நங்கநல்லூர்_தேவி:
வணக்கம். எங்களுடையது இரண்டாவது மாடி பிளாட், லிஃப்ட் கிடையாது. மகன் ஒரு வருடமாக நாய் கேட்கிறான். காசு கொடுத்து வாங்க எனக்கு மனமில்லை, அதனால் போன சனிக்கிழமை ஒரு காப்பகத்துக்குப் போனோம். அங்கே ஒரு வெள்ளைக் குட்டி மகனின் செருப்பைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை, இப்போது அவனுக்கு அதுதான் வேண்டும். எனக்கோ பக்கத்துக் கூண்டில் இருந்த மூன்று வயது செவலை நாட்டு நாய் மேல்தான் மனம் போகிறது. பெண் நாய், நாங்கள் நின்ற அரை மணி நேரமும் குரைக்கவில்லை, கம்பி இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. மாமியாருக்கு 72 வயது, சின்ன வயதில் நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டவர், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. வளர்ந்த நாய் புது வீட்டில் பழகுமா? எதைப் பார்த்து எடுப்பது?

மடிப்பாக்கம்_ரவி:
வளர்ந்ததையே எடுங்கள். குட்டி என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீருக்கு வெளியே விட வேண்டும், தடுப்பூசி முடியும் வரை தெருவில் இறக்கவும் முடியாது, நாலைந்து மாதத்தில் பல் விழுந்து முளைக்கும்போது பையன் கையையும் பெரியவர் புடவையையும் சேர்த்துக் கடிக்கும். மூன்று வயது நாயின் குணம் ஓரளவு படிந்திருக்கும், நீங்கள் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் குரைக்காத நாயெல்லாம் சாது என்று நினைக்காதீர்கள். பயத்திலும் சில நாய் அப்படி உறைந்து நிற்கும், உடம்பு முடியாமலும் நிற்கும். இன்னும் இரண்டு தடவை போங்கள், ஒரு தடவை சோறு வைக்கும் நேரத்தில். வால் காலிடுக்கில் இருக்கிறதா, கையில் பிஸ்கட் நீட்டினால் வாங்குகிறதா, பையன் பக்கத்தில் ஓடினால் என்ன செய்கிறது, இதையெல்லாம் கூண்டுக்கு வெளியே கயிறு பிடித்து நடத்திப் பாருங்கள். தினமும் சோறு வைப்பவரிடம் பேசுங்கள், நாயைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு ஆபீசில் இருப்பவருக்குத் தெரியாது.

செல்வி_தாம்பரம்:
நாங்கள் 45 நாள் குட்டி ஒன்றை ஓரிடத்தில் தத்தெடுத்தோம். "ஊசி போட்டாச்சு" என்று வாயால் சொன்னார்கள், தடுப்பூசி அட்டை தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான்காம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தபேதி. பார்வோ என்கிற, குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை, அது படுத்திருந்த துண்டை என் மகள் இன்னும் துவைக்க விடவில்லை. அந்தக் கிருமி வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம், அதனால் உடனே வேறு குட்டி கொண்டுவரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வளர்ந்த நாயாக இருந்தாலும் அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள், மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் தேதியும் இருக்க வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில் முதல் தடவை, அப்புறம் வருடாவருடம். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் அதிகம், வீட்டுக்குக் கூட்டி வந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

நங்கநல்லூர்_தேவி:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது செல்வி. நேற்று சாயங்காலம் மறுபடி போனேன். செவலைக்கு அட்டை இருக்கிறது, கருத்தடையும் ஆகிவிட்டது, இடது காது நுனியில் அதற்கான அடையாள வெட்டு இருக்கிறது. பிஸ்கட்டைப் பல் படாமல் உதட்டால் வாங்கியது. மகன் ஓடினான், திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஒரே ஒரு விஷயம்: கூட்டுகிறவர் துடைப்பத்தைத் தூக்கியதும் அப்படியே ஒடுங்கி மூலைக்குப் போய்விட்டது, தெருவில் கம்பால் அடிவாங்கியதாம். மாமியார் வீட்டுக்குள்ளேயும் ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பார். கடித்துவிடுமா?

மீனாக்கா:
தேவி, பத்து வருடமாக நாட்டு நாய்களோடு இருக்கிறேன். ஒடுங்குகிற நாய்க்கு ஒதுங்கிப்போக வழி இருந்தால் பெரும்பாலும் போய்விடும், வழியை மறித்தால்தான் ஆபத்து. அதனால் வீட்டில் அதற்கென்று ஒரு மூலை வேண்டும், அங்கே பையன் போகவே கூடாது, தூங்கும்போதும் சாப்பிடும்போதும் தொடக் கூடாது. பெரியவரோடும் பையனோடும் தனியாக விடாதீர்கள். முதல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாது, மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பழகும், உங்களை முழுசாக நம்ப மூன்று மாதம்கூட ஆகலாம். மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். தீபாவளிக்கு முன்பே கழுத்துப்பட்டையில் போன் நம்பர் தைத்துவிடுங்கள், வெடிச் சத்தத்தில் கதவு இடுக்கு கிடைத்தால் போதும், ஓடிவிடும்.

முடிவு எடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஊன்றுகோலை காப்பகத்துக்கு எடுத்துப்போய்த் தரையில் படுக்க வையுங்கள், பக்கத்தில் வேகவைத்த கோழித் துண்டு போடுங்கள், நீங்கள் தள்ளி உட்காருங்கள். தானாக வந்து தின்றால் அடுத்த தடவை கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். நாலைந்து தடவை ஆகும். மாமியாரையும் கூட்டிப்போங்கள், அந்தக் கோழித் துண்டை அவர் கையால் போடட்டும். அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் மட்டும் இந்த நாய் வேண்டாம்.