டிரான்ஸ்பைல்: ‘தொகுத்தல்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு குவாண்டம் சுற்றைக் குறிப்பிட்ட கணினியில் ஓடும்படி மாற்றி எழுதுவதை ‘டிரான்ஸ்பைல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> நிரலை எந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலருக்குத் ‘தொகுப்பி’ இருக்கிறது. குவாண்டம் பக்கமும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஐபிஎம்மின் குவாண்டம் மென்பொருளான கிஸ்கிட்டில் டிரான்ஸ்பைலர் செய்யும் வேலைக்கு அது ஒட்டவில்லை. உள்ளே போவதும் குவாண்டம் சுற்று (வாயில்கள் எனப்படும் அடிப்படைச் செயல்களின் வரிசை), வெளியே வருவதும் குவாண்டம் சுற்று. அதே கணக்கு வேறு தரையில் ஊன்றப்படுகிறது, அவ்வளவுதான்.

ஐபிஎம்மின் ஹெரான் குவாண்டம் சில்லை எடுத்துக்கொள்வோம். நாம் தாளில் வரையும் ஹடமார்ட், சிநாட் வாயில்கள் அதன் அடிப்படை வாயில்களில் இல்லை. சிஇசட், எஸ்எக்ஸ், எக்ஸ், ஆர்இசட் ஆகியவற்றைக் கொண்டே அவற்றைக் கட்ட வேண்டும். இதுகூடப் பரவாயில்லை, இடம்தான் பெரிய தலைவலி. அந்தச் சில்லின் அறுகோண வலையில் ஒரு கியூபிட்டுக்கு (குவாண்டம் பிட்) மிஞ்சிப்போனால் 3 அண்டைகள். தள்ளியிருக்கும் இரண்டைச் சேர்க்க நடுவே இரு கியூபிட்களின் நிலைகளை இடம் மாற்றும் ஸ்வாப் வாயில் போட வேண்டும்; ஒரு ஸ்வாப் என்பது 3 சிநாட். பிழை அதிகம் வருவதே இரு கியூபிட் வாயில்களில்தான். ஆகவே மோசமாக அமர்த்திய சுற்று, விடை வருவதற்குள் இரைச்சலில் கரைந்துவிடும். எதை எந்தக் கியூபிட்டில் அமர்த்துவது என்ற ஆகச்சிறந்த அமர்வைக் கண்டுபிடிப்பதும் கடினமான கணக்கு. கிஸ்கிட் சேபர் என்ற வழிமுறையால் ஓரளவு நல்லதைத் தேடுகிறது. அந்தத் தேடலில் தற்போக்கும் கலந்திருப்பதால், அந்தத் தற்போக்கைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணைக் கட்டிவைக்காவிட்டால் ஒரே சுற்றுக்கு ஒவ்வொரு முறையும் வேறு அமர்வு வரலாம். தொகுப்பி என்றதும் இதில் எதுவும் மனதில் வருவதில்லையே!

என் முன்மொழிவு: பெயர்த்தமைத்தல். கருவி, பெயர்த்தமைப்பி. ‘ஹெரானுக்குப் பெயர்த்தமைத்த சுற்று’ என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், இடறவில்லை.

> நீளம். ‘தகவமைப்பு’ என்றால்?

பொருள் பொருந்துகிறது. ஆனால் அந்தச் சொல் பள்ளி உயிரியலில் ஒட்டகத்துக்கும் கள்ளிக்கும் போய்விட்டது.

> எல்லாக் கணினிக்கும் இது பொருந்துமா? அயனிகளையே (மின்னூட்டமுள்ள அணுக்கள்) கியூபிட்டாக வைக்கும் அயனிப்பொறியில் ஸ்வாப்பே வேண்டாமே.

சரியான கேள்வி. குவாண்டினியம் நிறுவனத்தின் அயனிப்பொறிக் கணினிகளில் அயனியையே நகர்த்தி அருகில் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆனாலும் வாயில்களை அங்குள்ளவையாக மாற்றத்தான் வேண்டும், ஆகவே பெயர்த்தமைத்தல் அங்கும் நிற்கும்.

எனக்கு இடிப்பது, தள்ளியிருக்கும் கியூபிட்களைச் சேர்க்கும் வேலைக்கான ‘ரௌட்டிங்’ என்ற சொல். ‘வழிப்படுத்தல்’ என்பதைப் கணினிப் பிணையக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம், ஹெரானில் கியூபிட் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நகர்வது அதன் நிலை மட்டும். அதற்கு ‘நிலைநகர்த்தல்’ சரி என்றால், அயனியே நகரும் இடத்தில் என்ன சொல்வது?