திண்டுக்கல்லில் சிறுதொழில் செய்யும் தோழிகள் இருக்கிறீர்களா?

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் மூன்று ஆண்டுகளாக மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறேன். கடன், விற்பனை பற்றிக் கேட்க வரவில்லை. அவற்றை எப்படியோ சமாளித்துவிடுகிறேன். தொழிலைப் பற்றி மனம்விட்டுப் பேசத் தோழிகள் வேண்டும்.

காலையில் எள்ளைக் கொட்டி, கருப்பட்டியை உடைத்துப் போட்டால், அதன்பின் செக்குச் சத்தம்தான் துணை. வாடிக்கையாளர்கள் அன்பானவர்கள். ஆனால் இரண்டரை கிலோ எள்ளுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் கிடைக்கும் என்றால், விலைக்குச் சமாதானம் சொல்வதாகவே அவர்களுக்குப் படும். சென்ற வாரம் எள் சரியாகக் காயவில்லை. எண்ணெய் பிரியாமல் சகதியாகவே சுற்றிக்கொண்டிருந்தது. அரை நாள் வீண். அன்றிரவு அதைச் சொல்லி ஆற ஓர் ஆள் இல்லை. வீட்டில் சொன்னால், "பழைய வேலைக்கே போய்விடேன்" என்கிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் வலிக்கிறது.

வணிகர் சங்கத்தில் உறுப்பினர்தான். மே 5 வணிகர் தினத்துக்குக் கடையும் அடைக்கிறேன். ஆனால் கூட்டங்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் நடக்கின்றன; பிள்ளையை விட்டுப் போக முடிவதில்லை.

மாதம் ஒரு ஞாயிறு மாலை, மலைக்கோட்டைப் பக்கம் சந்திக்கலாமா? தையல், மசாலா, அழகு நிலையம், எந்தத் தொழிலானாலும் சரி. ஏற்கெனவே இப்படிக் கூடுகிறவர்கள் இருந்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள், இரண்டு மாதத்தில் கலைந்துவிடாமல் எப்படி நடத்துகிறீர்கள் என்று சொல்லுங்கள். முதல் சந்திப்புக்குச் சுண்டல் நான் கொண்டுவருகிறேன்.