முறுக்குத் தராசு: லேசர் புள்ளி ஒரே பக்கமாக ஊர்கிறது, ஆள் கிட்டப் போனால் குதிக்கிறது

ஊசல்பித்து:

வணக்கம். ஈர்ப்பு மாறிலி அளப்பதற்காக எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறுக்குத் தராசு (மெல்லிய இழையில் தொங்கும் தண்டு எவ்வளவு திரும்புகிறது என்பதை வைத்துச் சின்ன விசையை அளக்கும் கருவி) பூட்டியிருக்கிறோம். கொஞ்ச நாளாகவே அது எங்களைப் படுத்தி எடுக்கிறது.

அமைப்பு இதுதான். 25 மைக்ரான் டங்ஸ்டன் இழை, நீளம் 50 செ.மீ. கீழே அலுமினியத் தண்டு, அதன் இரு முனையிலும் தலா 15 கிராம் ஈயக் குண்டு, குண்டுகளின் மையங்களுக்கு நடுவே 10 செ.மீ. தண்டின் நடுவில் சின்னக் கண்ணாடி, அதில் பட்டுத் திரும்பும் லேசர் 5 மீட்டர் தள்ளி சுவரில் ஒட்டிய அளவுகோலில் விழுகிறது. தொங்குவதெல்லாம் சேர்த்து 35 கிராம் வரும். சுற்றிலும் அக்ரிலிக் பெட்டி. பெட்டிக்கு வெளியே 1.5 கிலோ ஈய உருண்டைகள் இரண்டு, சின்னக் குண்டின் மையத்திலிருந்து 4.5 செ.மீ. தூரம் வரை கொண்டுவரலாம்.

மூன்று தொல்லைகள். முதலாவது, புள்ளி ஒரே திசையில் மணிக்கு 3 செ.மீ. அளவுக்கு ஊர்ந்துகொண்டே இருக்கிறது, இரவில் விட்டுவிட்டுப் போனால் காலையில் அளவுகோலைத் தாண்டிப் போயிருக்கும். இரண்டாவது, பெட்டியைத் துடைத்தாலோ சில சமயம் யாராவது பக்கத்தில் வந்து நின்றாலோ புள்ளி இருபது செ.மீ. குதித்து வேறு இடத்தில் நிலைகொள்கிறது. மூன்றாவதுதான் சுத்தமாகப் புரியவில்லை: பெரிய வீச்சில் ஆடவிட்டால் அலைவுக் காலம் கூடுகிறது, சின்ன வீச்சில் குறைகிறது. இழை கெட்டுவிட்டது, மாற்றிவிடு என்கிறார் கூட இருப்பவர். மாற்ற எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் இருப்பதைத் தொங்கவிடவே அவ்வளவு பாடுபட்டோம். என்ன செய்யலாம்?

குவார்ட்ஸ்_ரசிகன்:

டங்ஸ்டனைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குவார்ட்ஸ் இழைக்குப் போய்விடுங்கள். 1887-லேயே பாய்ஸ் என்பவர் உருகிய குவார்ட்ஸை அம்பின் வாலில் ஒட்டி, குறுக்கு வில்லால் எய்து, மெல்லிய இழை இழுத்துக் காட்டிவிட்டார். முறுக்கிவிட்டால் அப்படியே பழைய இடத்துக்குத் திரும்பும், இந்த ஊர்கிற வேலையெல்லாம் மிகக் குறைவு. உலோக இழையின் குணமே அதுதான், நாம் என்ன செய்தாலும் கொஞ்சம் நகரும்.

பழைய_லேப்:

குவார்ட்ஸ் நல்ல இழைதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவரின் இரண்டாவது தொல்லையைப் படித்தீர்களா? பெட்டியைத் துடைத்தால் குதிக்கிறது என்கிறார். மின்சாரம் கடத்தாத குவார்ட்ஸில் தொங்கவிட்டால் அது இன்னும் மோசமாகும். மேலே உலோகப் பூச்சு கொடுத்தால்தான் சரிவரும்.

ஊசல்பித்து, இழையைத் தொடவே தொடாதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: இழையின் இரு முனையையும் எப்படிப் பிடித்திருக்கிறீர்கள்? பசையா, கிரிம்ப்பா (குழாயில் நுழைத்து நசுக்குவது), திருகு வைத்த கிளாம்ப்பா? அந்தப் பசை எது?

ஏன் கேட்கிறேன் என்றால், உங்கள் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். 1.5 கிலோ உருண்டை 4.5 செ.மீ. தூரத்தில் 15 கிராம் குண்டை இழுக்கும் விசை சுமார் 0.74 நானோ நியூட்டன். இப்போது குண்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி, ஒன்றையொன்று பார்க்கும் பரப்பு 1 சதுர செ.மீ., மின்னழுத்த வேறுபாடு வெறும் 10 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மின் இழுவை சுமார் 1.8 நானோ நியூட்டன். நீங்கள் அளக்க வந்த விசையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! உலர்ந்த துணியால் அக்ரிலிக்கைத் தேய்த்தால் ஏறுவது பத்து வோல்ட் அல்ல, நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஏறும். ஆக புள்ளி குதிப்பதில் ஆச்சரியமே இல்லை, இன்னும் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளவில்லையே என்றுதான் ஆச்சரியப்பட வேண்டும்.

மூன்றாவது தொல்லையும் இதே ஆள்தான் என்று சந்தேகப்படுகிறேன். சுவரை நெருங்க நெருங்க மின் இழுவை வேகமாகக் கூடும், அது இழையின் மீட்பு விசைக்கு எதிராக வேலை செய்யும். அதனால் வீச்சு பெரிதானால் ஊசல் தளர்ந்தது போல நடந்துகொள்ளும், அலைவுக் காலம் நீளும். தூசியோ முடியோ எங்காவது உரசினால் இதற்கு நேர்மாறாக இருக்கும்: ஆட்டம் சீக்கிரம் அடங்கும், ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்ட மாதிரி வரைபடம் வரும்.

ஊசல்பித்து:

முந்தைய குழு பூட்டி வைத்த இழை அது. மேலேயும் கீழேயும் சாதாரண இரு-பாக எப்பாக்ஸி, பித்தளைத் துண்டில் ஒட்டியிருக்கிறது. டங்ஸ்டன் உலோகம்தானே, தானாக எர்த் ஆகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

பழைய_லேப்:

டங்ஸ்டன் கடத்தும், பசை கடத்தாதே. இழை பித்தளையை எங்கேயாவது நேரடியாகத் தொட்டால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் உங்கள் தண்டும் குண்டுகளும் மின்சார ரீதியாக அந்தரத்தில் தொங்குகின்றன.

சோதிப்பது சுலபம். தண்டு ஆடாமல் கீழிருந்து தாங்கிப் பிடிக்கும் தாங்கித் திருகுகளால் அதைப் பூட்டிவிட்டு, மேல் பிடிமானத்துக்கும் தண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து மின்தடை பாருங்கள். 25 மைக்ரான், அரை மீட்டர் டங்ஸ்டனுக்கு 57 ஓம் பக்கம் வரணும். அந்த அளவு வந்தால் நான் சொன்னது தவறு, வேறு இடத்தில் தேடுவோம். எல்லையில்லாமல் காட்டினால் விஷயம் முடிந்தது. அப்படியே இரண்டு ஈயக் குண்டும் தண்டோடு தொடர்பில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு, ஈயத்தின் மேல் பெயின்ட், நடுவே பசை என்று வைத்து, எர்த் கொடுத்திருக்கிறோம் என்று நம்பும் அமைப்புகள் நிறைய உண்டு.

வெப்பச்சலனம்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். மின்னூட்டம் குதிப்பை விளக்கும், சரி. மணிக்கு 3 செ.மீ. ஊர்வதை அது விளக்காது என்று நினைக்கிறேன். 5 மீட்டருக்கு 3 செ.மீ. என்றால் லேசர் 6 மில்லிரேடியன் திரும்புகிறது, கண்ணாடி அதில் பாதி, 3 மில்லிரேடியன். ஒரே திசையில், விடாமல். அது இழையின் நெகிழ்ச்சித் தளர்வு (பாரத்தில் இழை உள்ளுக்குள் மெல்ல இளகுவது), அல்லது எப்பாக்ஸி மெல்ல வழிவது, அல்லது இரண்டும். ஸ்பூலில் சுற்றியிருந்த இழைக்குள் முறுக்கும் வளைவும் உறைந்து கிடக்கும், பாரம் ஏற்றியதும் அது கொஞ்சம் கொஞ்சமாக அவிழும்.

அறை வெப்பநிலையையும் கூடவே பதிவு செய்யுங்கள். வெப்பத்தால் வரும் நகர்வு பகலில் ஒரு பக்கம், இரவில் மறுபக்கம் என்று போய்த் திரும்பும். ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருப்பது வேறு ரகம். ஆனால் பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் சூடானால் உள்ளே காற்று சுழல ஆரம்பித்துவிடும், இந்த அளவு விசைக்கு அந்தச் சுழற்சியே போதும். இதே வகைத் தராசை வைத்துக் கேவண்டிஷ் 1798-ல் வெளியிட்ட சோதனையில் கருவியைத் தனி அறையில் அடைத்துவிட்டு, வெளியிலிருந்து தொலைநோக்கி வழியாகப் படித்தது இதற்குப் பயந்துதான். நீங்களும் அளக்கும்போது அறைக்குள் நிற்காதீர்கள், வெளியிலிருந்து கேமராவில் பாருங்கள்.

இழையைப் பக்குவப்படுத்த ஒரு வழி, அதில் மின்சாரம் விட்டுச் சூடாக்குவது.

பழைய_லேப்:

ஐயோ, காற்றில் வேண்டாம்! சூடான டங்ஸ்டன் காற்றில் ஆக்சைடாகிவிடும், அப்புறம் இழையின் விட்டமும் போச்சு, வலுவும் போச்சு. முறுக்கு மாறிலி, அதாவது இழையைத் திருப்ப எவ்வளவு முறுக்கு வேண்டும் என்பது, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் 5 சதவீதம் மாறினால் முறுக்கு மாறிலி 20 சதவீதத்துக்குப் பக்கமாக மாறும், அலைவுக் காலம் 10 சதவீதம் நகரும். வெற்றிடக் கலனில் வைத்துச் சூடாக்குவது வேறு கதை, அது முறையான வழிதான், ஆனால் இவரிடம் இருப்பது அக்ரிலிக் பெட்டி.

இவர் நிலைமைக்கு, வேலைப் பாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஒரு 50 கிராம் வட்டத்தகட்டைத் தொங்கவிட்டுச் சில நாள் சும்மா விட்டால் போதும். 35 கிராமுக்கு இழையில் தகைவு (குறுக்குப் பரப்பில் விழும் இழுவை) 0.7 கிகாபாஸ்கல், 50 கிராமுக்கு 1 கிகாபாஸ்கல். நன்றாக இழுத்த மெல்லிய டங்ஸ்டன் 2-க்கு மேல் தாங்கும், ஆகவே பயமில்லை. தகடு தன் இஷ்டத்துக்குச் சுழலட்டும், பல சுற்று சுழன்று அவிழ்ந்த பிறகு அமைதியாகும். முதலில் வேகமாக ஊரும், நாள் போகப் போகக் குறையும், முழுசாக நிற்காது.

வெப்பச்சலனம்:

ஆமாம், வெற்றிடத்தில்தான் என்று நானே சேர்த்துச் சொல்லியிருக்கணும். 50 கிராம் யோசனை இவருக்குப் பொருத்தம்.

ஊசல்பித்து:

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லையில்லா மின்தடை! மேல் பிடிமானத்துக்கும் இழைக்கும் நடுவேயே தொடர்பு இல்லை, கீழேயும் அதே கதை. ஒரு குண்டும் தண்டோடு தொடர்பில் இல்லை, திருகு இறுகாமல் நின்றிருக்கிறது.

இனி இழையை எடுத்துத்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது. கடத்தும் வெள்ளிப் பசை வாங்கி அதே இடத்தில் ஒட்டட்டுமா?

பழைய_லேப்:

வெள்ளிப் பசை மின்தொடர்புக்குப் போதும். பாரம் தாங்க அதை நம்பாதீர்கள், பசை என்றாலே காலப்போக்கில் வழியும், உங்கள் ஊர்தலில் ஒரு பங்கு அதுதான். மெல்லிய உலோகக் குழாயில் இழையை நுழைத்து நசுக்குங்கள். ஊசிமருந்து ஊசியின் குழாயை வெட்டி எடுத்தாலே போதும், ஆனால் அந்த எஃகில் சில வகை லேசாகக் காந்தத்துக்கு இழுபடும், அதனால் தண்டின் பக்கத்து முனைக்குச் செம்புக் குழாய் நல்லது. வெட்டிய குழாயின் ஓரத்தில் பிசிர் இருந்தால் அதுவே இழையை அறுத்துவிடும், நுண்ணிய எமரித் தாளில் தேய்த்துவிடுங்கள். நசுக்கும்போது ஒரே அமுக்காக அமுக்காமல் தட்டையான தாடை உள்ள குறடால் மெல்ல அழுத்துங்கள்.

இழையைக் கையாள்வதுதான் பாதி வேலை. 25 மைக்ரான் கண்ணுக்குத் தலைமுடியைவிட மெல்லிசு, வெள்ளை மேசையில் வைத்தால் காணாமலே போய்விடும். கறுப்புத் துணி விரித்து, பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்தால் பளிச்சென்று கோடாகத் தெரியும். இரு முனையிலும் சின்னக் காகிதத் துண்டை ஒட்டிக்கொள்ளுங்கள், எங்கே முடிகிறது என்று தெரியும், பிடிக்கவும் வசதி. கையுறை போட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த தாளால் ஒருமுறை துடையுங்கள். எங்காவது சிறு மடிப்பு விழுந்துவிட்டால் அந்த இழையை யோசிக்காமல் தூக்கி எறியுங்கள், நேராக்கிவிட்டேன் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள்.

தொங்கவிடும்போது தண்டைக் கையில் பிடித்து விடக்கூடாது. உயரம் மாற்றும் மேடையில் தண்டை வைத்து, இழையை மேலே மாட்டி, மேடையை மிக மெதுவாகக் கீழே இறக்குங்கள். இந்த இழைகள் பாரத்தால் அறுவதில்லை, பாரம் சட்டென்று விழும் அதிர்ச்சியால்தான் அறுகின்றன. தாங்கித் திருகுகளையும் அப்படியே, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சமாக விடுங்கள்.

பெட்டிக்கு: உள்பக்கம் முழுவதும் அலுமினியத் தாள் ஒட்டி, லேசர் போக மட்டும் சின்ன ஜன்னல் விட்டு, தாளையும் இழையின் மேல் பிடிமானத்தையும் ஒரே எர்த்தில் இணையுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் பிரயோஜனம் பாதிதான், அக்ரிலிக்கின் உள்முகத்தில் உட்கார்ந்திருக்கும் மின்னூட்டம் அப்படியே இருக்கும்.

ஊசல்பித்து:

எல்லாம் செய்தாயிற்று. புது இழை, செம்புக் குழாய், 50 கிராம் பாரத்தில் சில நாள் தொங்கல், உள்ளே அலுமினியத் தாள். மின்தடை 58 ஓம். பெட்டிக்குப் பக்கத்தில் சீப்பைத் தேய்த்துக் காட்டினாலும் புள்ளி அசையவில்லை! அலைவுக் காலம் எட்டரை நிமிடம், வீச்சு மாற்றினாலும் அதேதான். ஊர்தல் மணிக்கு சில மி.மீ. இருக்கிறது, அது நிற்கவில்லை.

புதுசாக ஒன்று: யாராவது மாடிப்படியில் ஓடினால் புள்ளி ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் துடிக்கிறது. இதற்கு என்ன?

வெப்பச்சலனம்:

அது முறுக்கு இல்லை, சாதாரண ஊசலாட்டம். அரை மீட்டர் நூலில் கட்டிய குண்டின் அலைவுக் காலம் 1.4 விநாடி, கணக்கு சரியாக இருக்கிறது. முறுக்கு எட்டரை நிமிடம், இது விநாடிக் கணக்கு, ஆகவே சராசரி எடுத்தால் மறைந்துவிடும். தொல்லை தாங்கவில்லை என்றால் இழைக்கு மேலே இன்னொரு தடிமனான குட்டை இழை போட்டு, நடுவில் அச்சுக்குச் சமச்சீரான செம்புத் தட்டு வைத்து, அதைக் காந்தங்களுக்கு நடுவே ஆடவிடுங்கள். காந்தத்துக்கு நடுவே ஆடும்போது தட்டில் பிறக்கும் சுழல் மின்னோட்டம் ஊசலாட்டத்தை அடக்கும், தட்டு வட்டமாக இருப்பதால் முறுக்கைத் தொடாது. காந்தத்தைக் குண்டுகளிலிருந்து எட்டவே வையுங்கள், இரும்பு உறையும் போடுங்கள்.

பழைய_லேப்:

காந்தத்துக்கு இப்போதே போகவேண்டாம், மேசைக் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்துப் பாருங்கள், அல்லது இரவில் அளந்துகொள்ளுங்கள்.

மிச்சம் இருக்கும் ஊர்தலுக்காக இனி கருவியைத் தொட வேண்டாம், அளக்கும் முறையிலேயே கழித்துவிடலாம். உருண்டைகளை ஒரு நிலையில் (தண்டை ஒரு திசையில் திருப்பும்படி) வைத்து புள்ளியின் நடுநிலையைக் கண்டுபிடியுங்கள், எதிர்த் திசையில் திருப்பும் மறு நிலைக்கு மாற்றுங்கள், மறுபடி முதல் நிலை, இப்படி மாற்றி மாற்றி, இடைவெளி எல்லாம் ஒரே அளவாக. முதல் நிலையின் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளின் சராசரியிலிருந்து நடுவில் வந்த மறு நிலையைக் கழித்தால், சீரான ஊர்தல் தானாக அடிபட்டுப் போகும். உங்கள் அளவுகளுக்கு நிலை மாற்றும்போது புள்ளி சுமார் 12 செ.மீ. நகரணும், எதிர்ப்பக்க உருண்டையின் இழுவையால் கொஞ்சம் குறையும். அந்த அளவுக்குப் பக்கத்தில் வராவிட்டால் எண்களோடு திரும்ப வாருங்கள்.

ஊசல்பித்து:

முதல் மாற்றலில் 11 செ.மீ. வந்தது. இன்று இரவு முழுக்க ஓட்டப்போகிறேன், கேமராவை வெளியே வைத்தாயிற்று.