மீன் காட்சியகங்களால் கடலுக்கு உண்மையில் பயன் உண்டா?

கயல்_தி
கலிபோர்னியாவில் அக்கா வீட்டுக்குப் போகிறோம், மான்டரே பே அக்வேரியத்துக்கு டிக்கெட் போடட்டுமா என்று கேட்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உயிர்களைக் கண்ணாடிக்குள் அடைத்துவிட்டு ஆராய்ச்சி, பாதுகாப்பு என்று எழுதி வைக்கிறார்கள். அதனால் கடலுக்கு நிஜமாகவே ஏதாவது கிடைத்திருக்கிறதா?

நெய்தல்நிலன்
நீங்கள் போகிற இடத்திலேயே பதில் இருக்கிறது. கடல் நீர்நாய். தோலுக்காக வேட்டையாடியே கலிபோர்னியாவில் ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள், 1938இல் பிக் சர் கரையோரம் சுமார் 50 மட்டும் மிஞ்சியிருப்பது தெரியவந்தது, இப்போது சுமார் 3,000. தாயைப் பிரிந்து கரை ஒதுங்கும் குட்டிகளை இந்த அக்வேரியம் 1984 முதல் எடுத்து வளர்க்கிறது. ஆனால் மனிதர் கையில் வளர்ந்தவை கடலில் விட்ட பிறகும் படகையும் முக்குளிப்பவர்களையும் தேடி வந்தன, அது இரு பக்கத்துக்கும் ஆபத்து. 2001இல் அங்கிருந்த டூலா என்ற நீர்நாய் இறந்த குட்டியை ஈன்றது. கரை ஒதுங்கிய அநாதைக் குட்டி ஒன்றை அதனிடம் விட்டார்கள், தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது! அன்று தொடங்கியதுதான் வளர்ப்புத் தாய் முறை. டூலாவுக்கு வலிப்பு நோய் இருந்தது, தினமும் மருந்து வேண்டியிருந்தது, அதனால் 2012இல் இறக்கும்வரை அதைக் கடலில் விட வழியில்லாமல் போனது. குட்டியைக் கையாளும் ஊழியர்கள் கறுப்பு அங்கியும் வெல்டிங் முகமூடியும் போட்டுக்கொள்வார்கள், மனித முகம் அதற்குப் பழகிவிடக்கூடாது என்றுதான்.

2002 முதல் 2016 வரை இப்படி வளர்ந்த 37 நீர்நாய்களை எல்க்ஹார்ன் ஸ்லூ கழிமுகத்தில் விட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே பெருகியதில் பாதிக்கு மேல் இவையும் இவற்றின் வாரிசுகளும்தான் என்கிறது 2019இல் வந்த ஆய்வு. நீர்நாய் நண்டைத் தின்கிறது. நண்டு குறைந்தால் கடற்புல்லில் படியும் பாசியை மேயும் சிறு உயிர்கள் பிழைக்கின்றன, புல் தழைக்கிறது. கரையைக் குடையும் நண்டுகளும் குறைவதால் சதுப்புக் கரை அரிப்பதும் மெதுவாகியிருக்கிறது.

மரகதவல்லி
பவளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014 முதல் ஒரு நோய் புளோரிடா பவளப்பாறைகளைத் தின்றுகொண்டிருக்கிறது, தூண் பவளத்தில் எஞ்சியவை ஒன்றுக்கொன்று வெகு தொலைவில், அதனால் கடலில் கருத்தரிக்கவே முடியாத நிலை. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் உருவான முறையைக் கொண்டு, சூரிய உதயம், நிலா வெளிச்சம், நீரின் வெப்பம் எல்லாவற்றையும் தொட்டிக்குள் அப்படியே அமைத்து, 2019இல் புளோரிடா அக்வேரியம் அதை முதல்முறையாக முட்டையிட வைத்தது.

சேரன்87
எல்லாம் சரி, இதைக் காட்டி ஆர்க்கா என்ற கொலைத் திமிங்கலத்தை வைத்து வித்தை நடத்தும் பூங்காக்களையும் நியாயப்படுத்திவிடாதீர்கள். பல நூறு மைல் நீந்தும் விலங்குக்கு எந்தத் தொட்டியும் போதாது. அப்படிப்பட்ட பூங்காக்களை நடத்தும் சீவேர்ல்ட் நிறுவனமே 2016இல் ஆர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது.

நெய்தல்நிலன்
அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை சேரன். கயல், நீங்கள் டிக்கெட் போடுங்கள். எல்க்ஹார்ன் ஸ்லூவும் பக்கம்தான், மாஸ் லேண்டிங்கில் கரையில் நின்றே நீர்நாய்களைப் பார்க்கலாம், பைனாகுலர் மட்டும் மறக்காதீர்கள்.