லாட்டரியைத் திரும்பக் கொண்டுவந்து அந்தப் பணத்தை அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தால் என்ன?

தண்டையார்பேட்டை அம்மா:
என் மகள் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசின் பள்ளிக்கல்வித் திட்டத்தில் 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்த கதை போன கூட்டத்தில் வந்தது. உடனே ஒருவர், "கேரளா மாதிரி நாமும் லாட்டரி நடத்தி, வருமானத்தை அப்படியே பள்ளிக்கு ஒதுக்கலாமே, அமெரிக்காவில் அப்படித்தான்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கும் தப்பாகப் படவில்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடப் போகிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?

பழைய சீட்டுக்கடை:
தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கள். 2003 ஜனவரியில் ஜெயலலிதா தடை போடும் வரை பழைய வண்ணாரப்பேட்டையில் சீட்டு விற்றவன் நான்.

பம்பர் குலுக்கலை ஆபீஸ்காரர்கள் மாதம் ஒன்று வாங்குவார்கள், மறந்தும் போவார்கள். கடை ஓடியது அவர்களால் இல்லை, ஒரு நம்பர் லாட்டரியால். மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர், இவர்கள்தான் வருவார்கள். காலையில் முதலில் கண்ணில் பட்ட பஸ்ஸின் கடைசி நம்பரைச் சொல்லிச் சீட்டு கேட்பார் ஒருவர். ஒரு ஜூன் மாதம் பையனுக்கு நோட்டு வாங்க என்னிடமே கடன் வாங்கினார். வாங்கிய இடத்திலேயே நின்று பாதிக்குச் சீட்டு எடுத்தார். அந்தப் பையன் படித்ததும் மாநகராட்சிப் பள்ளியில்தான். அதாவது, உங்கள் குழுவில் இருக்கிற அப்பா அம்மா பாக்கெட்டில் இருந்துதான் இந்தப் பணம் வரும்.

1968ல் அண்ணா பரிசுச் சீட்டைத் தொடங்கியபோது "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்றார்கள். விழாத சீட்டையெல்லாம் சாயங்காலம் என் கடை வாசலில் கூட்டி அள்ளுவோம்.

சரி, கணக்குக்கு வருவோம். கேரளாவில் சீட்டு விற்பனை வருஷத்துக்கு 12,000 கோடியைத் தாண்டுகிறது. பரிசு, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் போக அரசுக்கு மிஞ்சுவது சுமார் ஆயிரம் கோடி. நம் பள்ளிக்கல்வித் துறைக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 46,767 கோடி. அந்த ஆயிரத்தை வைத்து எந்த மூலைக்கு?

பெரம்பூர் டு சான் ஓசே:
அண்ணன் சொன்னது சரி. கலிஃபோர்னியாவில் 1984ல் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் லாட்டரி வந்தது, பள்ளிக்கு என்று சொல்லியே. இன்றைக்குப் பள்ளிச் செலவில் அதன் பங்கு நூற்றுக்கு ஒன்று சொச்சம். ஆனால் கடையில் சீட்டு வாங்குகிறவர் பள்ளியே அதில்தான் ஓடுகிறது என்று நினைக்கிறார். பள்ளிக்கு வரி கேட்டால் "லாட்டரி பணம் என்ன ஆச்சு?" என்பார். ஒதுக்கீட்டைக் குறைக்க நினைக்கிற நிதித்துறைக்கும் இதே சாக்கு போதும்.

கொருக்குப்பேட்டை ரயில்வே:
எல்லாம் சரி, எப்படியும் ஆடத்தானே போகிறார்கள்? எங்கள் தெருவில் திருட்டு மூணு நம்பர் லாட்டரி வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. டாஸ்மாக்கில் 45,000 கோடிக்கு மேல் எடுக்கிற அரசுக்கு லாட்டரி மட்டும் கசக்குதாக்கும்!

பழைய சீட்டுக்கடை:
தம்பி, அந்த மூணு நம்பர் எங்கிருந்து வருகிறது? மத்தியானம் கேரளா அரசு குலுக்குகிற சீட்டின் கடைசி மூன்று இலக்கம்தான். அங்கேயும் அரசு லாட்டரி பக்கத்திலேயே அதே இலக்கத்தை வைத்து 'எழுத்து லாட்டரி' திருட்டுத்தனமாக நடக்கிறது, போலீஸ் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அரசு நடத்தினால் திருட்டு ஆட்டம் ஒழியாது, அதற்குத் தினமும் ஒரு ரிசல்ட் இலவசமாகக் கிடைக்கும். டாஸ்மாக்கைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அது வேறு வயிற்றெரிச்சல்.

தங்கச்சி, சென்னைச் சொத்து வரிக்குள்ளேயே கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. வீட்டுக்காரர் கட்டுகிறார், வாடகையில் நாமும் கட்டுகிறோம். நம் மண்டலத்தில் அது எவ்வளவு வசூல், எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது என்று கேட்டுத் தீர்மானம் போடுங்கள்.

தண்டையார்பேட்டை அம்மா:
இது கூட்டத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை அண்ணே. கல்வி வரிக் கணக்கைக் கவுன்சிலரிடம் எழுதிக் கேட்கலாமா, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட வேண்டுமா?

பழைய சீட்டுக்கடை:
இரண்டையும் செய்யுங்கள். கவுன்சிலர் மனுவுக்குக் கையெழுத்தோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.